"நான் அங்கே ஒட்டுவேனா?" பாலைவன ஊருக்கு வேலைக்குப் போகும் ஒரு நர்ஸுக்கு

மெல்பர்னில் நான்கு வருடமாக வார்டு நர்ஸாக இருக்கிறீர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே, தனாமி சாலைப் பக்கம், ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரான வார்ல்பிரி மக்கள் வாழும் ஓர் ஊரின் கிளினிக்கில் ஒரு வருட வேலை வந்திருக்கிறது. கணவரும் ஆறு வயது மகளும் இப்போதைக்கு மெல்பர்னிலேயே இருப்பார்கள். வெயிலைத் தாங்க முடியுமா, பாம்பு வருமா, தனியாக இருக்க முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: "நான் அங்கே ஒட்டுவேனா?" அதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மற்ற மூன்றும் வழியில் தானாக வந்துவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். அடிலெய்டில் மூன்று வருடம் எமர்ஜென்சியில் இருந்துவிட்டு, மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இரண்டு ஊர்களில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஆலிஸில் இருக்கிறேன், புதிதாக வரும் நர்ஸ்களைப் பழக்கிவிடுவதும் என் வேலைதான். வடக்கே ஆர்னெம் லேண்டில் மூன்று மாதம் மட்டும் இருந்தேன். அங்கே மழைக்காலத்தில் சாலை அடைபட்டுவிடும், சாமான் எல்லாம் தோணியில் வரும், மொழியும் முறையும் வேறு. அதனால் நான் சொல்வதைப் பாலைவன ஊர்களுக்கு மட்டும் பொருத்திப் பாருங்கள். அதோடு, எட்டு வருடம் இருந்தாலும் நான் வெளியாள்தான். அந்த மக்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு விளங்கிய அளவுதான் இது.

வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை. வார்டில் நீங்கள் ஒரு சங்கிலியின் கண்ணி. மேலே டாக்டர், பக்கத்தில் ஃபார்மசி, கீழே லேப். அங்கே அந்தச் சங்கிலி முழுக்க நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான். டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார், மற்ற நேரம் போனில் இருப்பார். காலையில் காது ஒழுகும் குழந்தை, பிறகு சர்க்கரைப் புண், அப்புறம் கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனை, நடுவில் நெஞ்சுவலி என்று யாராவது வந்து உட்காருவார். எல்லாவற்றுக்கும் கார்ப்பா கையேடு என்று ஒரு புத்தகம் இருக்கிறது. பாலைவன கிளினிக்குகளின் வேதமே அதுதான். நோயாளி முன்னால் புத்தகத்தைத் திறந்து பார்க்க நான் முதலில் வெட்கப்பட்டேன். "நல்ல நர்ஸ்தான் புத்தகத்தைப் பார்ப்பாள்" என்று கிளினிக்கில் பல வருடமாக இருந்த வார்ல்பிரி அம்மா ஒருவர் சொன்ன பிறகு அந்த வெட்கம் போயிற்று. வார்டு அனுபவம் மட்டும் வைத்துக்கொண்டு நேரே போகாதீர்கள். தொலைதூர மருத்துவப் பணியாளர்களுக்கான அமைப்பான கிரானாபிளஸ் நடத்தும் ரிமோட் எமர்ஜென்சி கேர், மெட்டர்னிட்டி எமர்ஜென்சி கேர் பயிற்சிகளை முடித்துவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகளை 37, 38 வாரத்தில் ஆலிஸுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் எல்லாக் குழந்தையும் வாரக் கணக்கைப் பார்த்துப் பிறப்பதில்லை.

ஒரு விஷயத்தில் நீங்கள் மெல்பர்ன்காரர்களைவிட முன்னால் இருக்கிறீர்கள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்திருந்தால் ருமாட்டிக் காய்ச்சலும் அதனால் கெட்டுப்போன இதய வால்வும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆஸ்திரேலிய நகரத்து நர்ஸ் பலர் அதைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். பாலைவனத்தில் அது அன்றாடம். தொண்டையிலும் தோலிலும் வரும் ஸ்ட்ரெப் கிருமி, ஒரே வீட்டில் பதினைந்து பேர் படுக்கிற நெருக்கடி, அதுதான் காரணம். மருந்து பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை, வருடக்கணக்கில். உயிர் போகிற வலி. என் முதல் ஊரில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஊசி நாளன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். எனக்கு முன்னால் அங்கே இருந்த நர்ஸ் கூப்பிட்டால் மட்டும் வருவானாம். அவர் போனபின் மூன்று மாதம் அவனுக்கு ஊசி விழவில்லை. என்னிடம் வர அவனுக்கு அதற்கு மேல் ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நர்ஸ் போய் இன்னொரு நர்ஸ் வந்ததற்கு அந்தப் பையனின் இதயம் கொடுத்த விலை அது.

ஒட்டுவதைப் பற்றி நான் சொல்ல வருவது இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2013 முதல் 2015 வரை, நீங்கள் போகப்போகிற பிரதேசமான நார்தர்ன் டெரிட்டரியின் தொலைதூர கிளினிக்குகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு கிளினிக்கில் சேரும் நர்ஸ்களையும் பூர்வகுடி மருத்துவப் பணியாளர்களையும் சேர்த்துப் பார்த்தால், பன்னிரண்டு மாதம் கழித்து அதே கிளினிக்கில் இருப்பவர் ஐந்தில் ஒருவர்தான் என்று அது காட்டியது. இதை அந்த ஊர்க்காரர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான நர்ஸ்களுக்குத் தன் நோயைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார். நீங்கள் சிரித்த முகத்தோடு போய் நிற்கும்போது அவர் திருப்பிச் சிரிக்கவில்லை என்றால் அது வெறுப்பு இல்லை, களைப்பு. நம் வீட்டுக்கு வாரம் ஒரு புது வேலைக்காரர் வந்தால் நாமும் பெயர் கேட்பதை நிறுத்திவிடுவோம்.

களைப்புக்கு மேல் பயமும் இருக்கிறது. 1928ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து பறக்கும் டாக்டர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. பாலைவன மருத்துவத்தின் பெருமையாக எல்லோரும் சொல்லும் தேதி அது. அதே வருடம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, நீங்கள் போகப்போகிற ஊருக்கு அதிகம் தள்ளியில்லாத கோனிஸ்டன் பக்கத்தில், குதிரைப் போலீஸ்காரர் ஒருவர் தலைமையில் ஒரு கூட்டம் வார்ல்பிரி, அன்மட்யர், கைடிஜ் மக்களைத் தேடித் தேடிச் சுட்டுக் கொன்றது. அரசு விசாரணை இறந்தவர்கள் 31 பேர் என்றது, செய்தது தற்காப்பு என்றும் சொல்லி முடித்தது. அந்தக் குடும்பங்கள் சொல்லும் எண்ணிக்கை மிக அதிகம். உங்கள் கிளினிக்குக்கு வரும் பாட்டிகளின் அம்மாக்கள் அந்த வருடம் குழந்தைகளாக ஓடி ஒளிந்தவர்கள். பெற்றோரிடமிருந்து அரசு பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போன காலமும் இருந்தது. 2007 ஜூனில் மத்திய அரசு ராணுவத்தையும் கூட்டிக்கொண்டு இந்த ஊர்களுக்குள் நுழைந்து, மதுவுக்குத் தடை, பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று இறங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அரசாங்க நம்பர் போட்ட லேண்ட்குரூசர் வாசலில் வந்து நின்றால் பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள் என்றால் காரணம் இதெல்லாம்தான். நான் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனேன். இரண்டாவது வாரம், மேலே சொன்ன அந்த அம்மா என்னிடம், "நீ ரொம்பக் கேள்வி கேட்கிறாய், போலீஸ் மாதிரி" என்றார். நோய் விவரம் கேட்பதுதானே நர்ஸ் வேலை என்று எனக்குக் கோபம். பிறகுதான் கவனித்தேன், அவர் யாரிடமும் நேராகக் கேட்பதே இல்லை. பக்கத்தில் உட்காருவார், தன் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ சொல்வார், சும்மா இருப்பார். ஐந்து நிமிஷத்தில் எதிரில் இருப்பவர் தன் மாத்திரைக் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தச் சும்மா இருத்தலைப் பழகிக்கொள்ளுங்கள். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "யுவாயி" என்பார்கள். ஆமாம் என்று அர்த்தம், ஆனால் பல நேரம் அது "உன் கேள்வியை முடித்துக்கொள்" என்பதற்கு மரியாதையான சொல். கண்ணை நேரே பார்க்காததும் பொய் சொல்வதால் இல்லை. நம் ஊரிலும் பெரியவர் முன்னால் தலைகுனிந்து பேசினவர்கள்தானே நாம், இது நமக்குச் சீக்கிரம் பிடிபடும்.

நமக்குச் சீக்கிரம் பிடிபடும் இன்னொரு பெரிய விஷயம் உறவுமுறை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் நான் அந்த ஊருக்குள் போனேன். வார்ல்பிரி மக்கள் எல்லோரும் எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் பிறக்கிறார்கள். பிரிவுக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று மொத்தம் பதினாறு பெயர். ஆண் பெயர் எல்லாம் 'ஜ'வில் தொடங்கும், பெண் பெயர் 'ந'வில். ஜாங்கலாவின் அக்கா தங்கை நாங்கலா. ஜாகமராவின் அக்கா தங்கை நாகமரா. ஆங்கிலத்தில் இதை ஸ்கின் பெயர் என்கிறார்கள், தோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மா அப்பா எந்தப் பிரிவு என்று தெரிந்தால் பிள்ளை எந்தப் பிரிவு, யாரைக் கட்டலாம், யாரோடு கேலி பேசலாம், யார் முன்னால் வரக் கூடாது எல்லாம் தெரிந்துவிடும். அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பி அப்பாதான். ஆனால் அம்மாவின் சகோதரரும் அப்பாவின் சகோதரியும் வேறு வகை. வெள்ளைக்கார நர்ஸ்கள் இந்த இடத்தில் குழம்பி, நோட்டில் படம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று நாம் பேசும் இலக்கணம்தானே இது? மானிடவியல் படித்தவர்கள் திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உறவுமுறையையும் வெகுகாலமாகப் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். இரண்டுக்கும் பழைய தொப்புள்கொடி இருக்கிறது என்று சமூக ஊடகத்தில் சிலர் எழுதுவதை நான் நம்பவில்லை, நீங்களும் அங்கே போய் அதைச் சொல்லாதீர்கள். அமைப்பு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒப்புமை போதும்.

ஆறாவது மாதம் எனக்கு நாங்கலா என்று பெயர் வைத்தார்கள். கிளினிக்கில் இருந்த அந்த வார்ல்பிரி அம்மாவும் நாங்கலா, ஆகவே நான் அவருக்குத் தங்கை, அவர் எனக்கு அக்கா. வீட்டுக்குப் போன் பண்ணிப் பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் கிளினிக்குக்கு நாற்பது வயதுக்காரர் ஒருவர் கால் புண்ணோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் கட்டுப் போட வரச்சொல்ல, அவர் அசையவில்லை. அக்கா ஓடி வந்து என் காதில், "அவன் ஜாகமரா. உனக்கு மருமகன் முறை. நீ வெளியே போ, நான் போடுகிறேன்" என்றார். நாங்கலாவின் மகள் நபல்ஜாரி, அவளைக் கட்டுகிறவன் ஜாகமரா. மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. வெளியாட்களிடம் இதை அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அதோடு கடமையும் வருகிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. மாப்பிள்ளை வந்தால் எங்கள் ஊர் அத்தை கதவுக்குப் பின்னால் நின்றே பேசுவார். அது நினைவுக்கு வந்ததால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நீங்களாகப் போய் எனக்கு ஒரு ஸ்கின் பெயர் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் அது உங்கள் மேல் குறை இல்லை.

இந்த உறவு வலையில் நுழைந்தால் பங்கு கேட்பதும் வரும். இருபது டாலர் கொடு, காரில் கூட்டிப்போ, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பார்கள். அங்கே ஆங்கிலத்தில் இதற்கு ஹம்பக் என்று பெயர். கேட்பது அவர்களுக்கு அவமானம் இல்லை, இல்லை என்று சொல்வதும் உங்களுக்குப் பாவம் இல்லை. "லாவா", அதாவது இல்லை, என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். நான் பணம் கொடுப்பதில்லை, சாப்பாடு கொடுப்பேன் என்று வைத்துக்கொண்டேன். கிளினிக் வண்டியைச் சொந்த உதவிக்கு எடுப்பதில்லை என்பதையும் முதல் வாரமே சொல்லிவிட்டேன். இது என் வழி, வேறு மாதிரி வைத்துக்கொண்டு நன்றாக இருந்தவர்களும் உண்டு.

சாவைப் பற்றி ஒன்று கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள். ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை உச்சரிக்கக் கூடாது. அதே பெயர் உள்ள மற்றவர்களும் அதன்பின் 'குமுஞ்சாயி', அதாவது பெயர் சொல்லக் கூடாதவர், ஆகிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் பழைய பெயர்தான் இருக்கும். புதிதாக வந்த நான் காத்திருப்போர் அறையில் அப்படி ஒரு பெயரை உரக்கக் கூப்பிட்டேன். அறை முழுக்க ஒரு நொடி உறைந்தது. ஒரு பாட்டி எழுந்து வெளியே போய்விட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் ஆச்சி தாத்தா பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் என்னைப் பார்த்து "நீ சொல்லு" என்பாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நானே தவறு செய்தேன். இழவு விழுந்தால் அதற்கு ஸாரி பிசினஸ் என்று பெயர். வீட்டைக் காலிசெய்வார்கள், வேறு இடத்தில் கூடி அழுவார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கில் வருவார்கள், கடை மூடிக் கிடக்கும், உங்கள் உள்ளூர்ப் பணியாளர்களும் பல நாள் வர மாட்டார்கள். விதவைகள் பேசாமல் கைச்சைகையிலேயே மாதக்கணக்கில் பேசுவதும் உண்டு. அந்த நாட்களில் சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைக்காதீர்கள். சடங்குக் காலத்தில் சாலையை மறித்து வைத்திருந்தால் ஏன் என்று கேட்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ஆண்கள் விஷயம், பெண்கள் விஷயம் என்று பிரிவு உண்டு, தெரியாமல் பார்த்தாலும் தவறுதான். போட்டோ எடுத்துப் போடும் ஆசையை மெல்பர்னிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்ப எனக்கு மனமில்லை. 2016 மார்ச்சில் தென் ஆஸ்திரேலியாவில் ஏபிஒய் எனப்படும் பூர்வகுடி நிலத்தில், இரவு அவசர அழைப்புக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் கேல் வுட்ஃபோர்ட் கொல்லப்பட்டார். அதன்பின் அந்த மாநிலத்தில் இரவு அழைப்புக்கு நர்ஸ் தனியாகப் போகக் கூடாது, இரண்டாவது ஆள் வேண்டும் என்று அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தென் ஆஸ்திரேலியாவுக்குரியது. நீங்கள் போவது நார்தர்ன் டெரிட்டரி. ஆகவே இரவில் உங்களோடு வரும் இரண்டாவது ஆள் யார், அவருக்குச் சம்பளம் உண்டா, அவர் வராவிட்டால் நீங்கள் மறுக்கலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2019 நவம்பரில், வார்ல்பிரி ஊரான யுவெண்டுமுவில் நர்ஸ்களின் குடியிருப்பில் திருட்டு தொடர்ந்ததால் அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே நாள் இரவு 19 வயது இளைஞர் ஒருவர் போலீஸ் சுட்டதில் இறந்தார், கிளினிக்கில் பார்க்க ஆள் இல்லை. அந்தக் காயம் அந்த வட்டாரம் முழுக்க இன்னும் ஆறவில்லை. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. எட்டு வருடத்தில் என்னை ஒருவரும் தொட்டதில்லை, இரண்டு முறை வீட்டுக்குள் புகுந்து ஃப்ரிட்ஜைக் காலிசெய்தார்கள், அவ்வளவுதான். ஆனால் என் அனுபவத்தை உங்களுக்கு உத்தரவாதமாகத் தர முடியாது.

வீடு வாசல் விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் நாற்பதைத் தாண்டும், ஏசி ஓடும். யாரும் சொல்லாதது குளிர்: ஜூலை இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், கம்பளி எடுத்துப்போங்கள். பாம்பை எட்டு வருடத்தில் ஆறேழு முறை பார்த்திருப்பேன், தெருநாய்களைத் தினமும் பார்த்தேன், நடக்கப் போகும்போது கையில் ஒரு கம்பு இருக்கட்டும். கடையில் உறைந்த கங்காரு வால் கிடைக்கும், கொத்தமல்லி கிடைக்காது. சாமான் லாரி பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, விலை நகரத்தைவிட அதிகம். பருப்பு, அரிசி, மசாலாவை ஆலிஸில் இருக்கும் இந்தியக் கடைகளில் மூட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும், நான் குக்கர் கெட்டுப்போயிற்று என்று நினைத்துப் புதிது வாங்கினேன். ஊறவைக்கிற தண்ணீரில் துளி சோடா உப்பு போடுங்கள், குடிக்க மழைத்தண்ணீரோ வடிகட்டியதோ வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு ஜனவரியில் நாலு மணி நேரத்தில் பொங்கி வழியும், ஜூலையில் இரண்டு நாளானாலும் தூங்கும். போனுக்கு டெல்ஸ்ட்ரா சிம் வாங்குங்கள், ஊருக்கு வெளியே அதுவும் செத்துவிடும். நிறைய ஊர்களில் மதுவுக்குத் தடை உண்டு, தெரியாமல் ஒரு பாட்டில் எடுத்துப்போனாலும் வழக்கு. பூர்வகுடி நிலத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், வேலை தருபவர் எடுத்துத் தருவார். விருந்தாளி வந்தால் அவருக்கும் வேண்டும்.

வண்டி ஓட்டுவதற்கு மட்டும் தனியாக ஒரு நாள் பயிற்சி எடுங்கள். செம்மண் சாலையில் அலை அலையாக மேடு விழுந்திருக்கும், டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்போது ஓட்டக் கூடாது, மாடும் கங்காருவும் அப்போதுதான் சாலைக்கு வரும். இரண்டு ஸ்டெப்னி, இருபது லிட்டருக்குக் குறையாத தண்ணீர், சேட்டிலைட் போன். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. பாலைவனத்தில் செத்தவர்களில் பலர் உதவி தேடி நடந்தவர்கள். நிழலும் தண்ணீரும் வண்டியிடம்தான் இருக்கிறது, தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

இரவு அழைப்பு ஒன்றையாவது சொல்லாமல் விட முடியவில்லை. மூன்றாவது வாரம், ஏழு மாதக் குழந்தை, நிமோனியா, விலா உள்வாங்குகிறது. போனில் டாக்டர். விமானம் வேறொரு ஊரில் இருக்கிறது, வந்துசேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த ஐந்து மணி நேரமும் ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், டிரிப், பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை, இதோடு நான். குழந்தையின் பாட்டி தரையில் உட்கார்ந்து மெல்லப் பாடிக்கொண்டே இருந்தார். ஓடுபாதையிலிருந்து கழுதைகளை விரட்ட ஊர் இளைஞர்கள் இரண்டு காரில் முன்னாலேயே போய்விட்டார்கள், நான் கேட்கவே இல்லை. விடியற்காலை பிலாட்டஸ் விமானம் இறங்கி, டாக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மணிக்கு மறுபடி கிளினிக் திறக்க வேண்டும்.

அந்த மாதிரி இரவுகள் உங்களை உடைக்காது. உடைப்பது அதற்கு அப்புறம் வரும் சும்மா நாட்கள். நான் பழக்கிவிட்டவர்களை வைத்துச் சொல்கிறேன், கணக்கெடுத்ததில்லை: முதல் ஒரு மாதம் எல்லாம் அற்புதம், நட்சத்திரம், செம்மண், சூரிய அஸ்தமனம். எட்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு பள்ளம் வரும். தூக்கம் கெடும், போன் அடித்தாலே எரிச்சல் வரும், நீங்கள் செய்வது எதற்கும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றும். எனக்கு ஒன்பதாவது வாரம் வந்தது, ராஜினாமாக் கடிதத்தை எழுதியே வைத்திருந்தேன். அப்போது முடிவெடுக்காதீர்கள். கிரானாபிளஸ் நடத்தும் புஷ் சப்போர்ட் லைன் என்று ஒன்று உண்டு, 24 மணி நேரமும் உளவியலாளர்கள் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. நான் நான்கு முறை பேசியிருக்கிறேன். சனிக்கிழமை அக்கா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் உடும்பு தேடவும் புதர்த் திராட்சை பொறுக்கவும் வைத்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவள் அன்றுதான் வெளியே வந்தேன். யாராவது இப்படிக் கூப்பிட்டால் துணி துவைக்க வேண்டும் என்று சொல்லி மறுக்காதீர்கள்.

மகளைப் பற்றி நான் அதிகம் சொல்லக் கூடாது, எனக்கு அங்கே பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லை. ஊரில் பள்ளி இருக்கும். வார்ல்பிரி ஊர்கள் சிலவற்றில் 1970களிலிருந்தே இருமொழிக் கல்வி நடந்திருக்கிறது. சிறு பிள்ளைகளோடு வந்த ஆசிரியர் குடும்பங்கள் பல சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தேன். உங்கள் குழந்தை ஒரு வருடம் அம்மாவைப் பிரிந்திருப்பதா, அங்கே வந்து இருப்பதா என்பதை நீங்களும் கணவரும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே வேலையை இரண்டு நர்ஸ்கள் பங்கு போட்டுக்கொண்டு, ஆறு வாரம் ஒருவர், ஆறு வாரம் இன்னொருவர் என்று அதே ஊருக்கு மாறி மாறிப் போவது. சில இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். வருமானம் குறையும். ஆனால் ஒரு வருடம் முழுக்க இருந்துவிட்டுக் காணாமல் போவதைவிட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து மூன்று வருடம் அதே ஊருக்குத் திரும்பிப் போவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் என்னிடம் "எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்டதில்லை. அவர்களே இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சாவு, அடுத்த வாரம் ஃபுட்பால் என்று போய்க்கொண்டே இருப்பவர்கள். ஊரை விட்டுப் போவதில் குற்றம் இல்லை. ஒவ்வொரு முறை நான் லீவில் கிளம்பும்போதும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "எப்போது திரும்பி வருவாய்?" நாமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லையே, போய்விட்டு வருகிறேன் என்றுதானே சொல்கிறோம். முதல் லீவு முடிந்து நான் சொன்ன தேதியில் திரும்பி வந்து இறங்கிய அன்றுதான், தொட்டிக்குப் பின்னால் ஒளியும் அந்தப் பையன் தானாக வந்து கிளினிக் படியில் உட்கார்ந்தான். ஊசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சும்மாதான் வந்தேன் என்றான்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: இரவில் இரண்டாவது ஆள் பற்றிய வரி, லீவு முடிந்து அதே ஊருக்கே அனுப்புவார்களா என்கிற வரி. இரண்டாவது பெரும்பாலும் இருக்காது, ஆள் பற்றாக்குறை உள்ள வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுத வையுங்கள். என்ன வார்த்தையில் கேட்பது என்று தெரியாவிட்டால் இதன் கீழேயே எழுதுங்கள், நான் கேட்ட மாதிரியை அனுப்புகிறேன்.